கௌதாரியும் காட்டு உள்ளானும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் காடைப் பண்ணை பற்றி நான் எழுதிய பதில் ஒன்று பெங்களூரு வாசகர்கள் பலரை வேட்டையின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சில கேள்விகள் சட்டத்தைத் தொடுவதால் பெயர்களை விட்டுவிட்டுப் பேட்டைகளை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (ஜாலஹள்ளி): ஐயா, என் மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போன அக்டோபரில் அலுவலக நண்பர்களோடு பறவை வேட்டைக்குப் போனதாகச் சொல்லி ஒரு படம் அனுப்பினான். பழுப்பு நிறம், உருண்டை உடம்பு, விரல் நீளத்துக்கு அலகு. பெயர் ‘வுட்காக்’ என்றான். இது கோழியா, கொக்கா? நம் நாட்டில் உண்டா? அவன் செய்தது குற்றமில்லையா? அவன் அம்மா ஒரு வாரமாக அவனோடு தொலைபேசியில் பேசவில்லை.

பதில்: பெயரில் சேவல் இருக்கிறதே தவிர, பறவையில் கோழியின் அம்சம் எதுவும் இல்லை. ஏரிக்கரைச் சேற்றில் நீண்ட அலகைக் குத்திக் குத்தி இரை தேடும் உள்ளானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய உறவுதான் இது. உள்ளான் திறந்த சேற்றை விட்டுக் காட்டுக்குள் குடியேறி, சற்றுப் பருத்து, இலைச்சருகின் நிறத்தைப் பூசிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். பேச்சுத் தமிழில் ஊன்றிப்போன பெயர் என்று ஒன்றைச் சொல்வதற்கில்லை என்பதால், இந்தப் பதிலில் காட்டு உள்ளான் என்றே எழுதுகிறேன். உள்ளானிலிருந்து இதைப் பிரித்தறியத் தலையைப் பார்த்தாலே போதும். உள்ளானின் உச்சந்தலையில் கோடுகள் அலகிலிருந்து பிடரியை நோக்கி நெடுக்காக, நாமம் போல ஓடும். காட்டு உள்ளானுக்கோ அவை திருநீற்றுப் பட்டை போலக் குறுக்காகக் கிடக்கும்.

அந்த நீண்ட அலகு வெறும் குச்சி அல்ல. ஈர மண்ணுக்குள் அதை அடிவரை இறக்கிவிட்டு, மேல் அலகின் நுனியை மட்டும் இடுக்கி போலத் திறந்து மண்புழுவைக் கவ்வி இழுக்கும். அலகு மண்ணில் புதைந்திருக்கும் நேரத்தில் பின்னால் நரி வந்தால் தெரிய வேண்டுமல்லவா? அதனால் கண்கள் இரண்டும் தலையின் பின்பக்கமாக, உயரத்தில் அமைந்திருக்கின்றன. கழுத்தைத் திருப்பாமலே முதுகுப்புறத்தைப் பார்த்துவிடும். படத்தில் அதன் முகம் ஏதோ பிழையாக வரைந்ததுபோல உங்களுக்குத் தோன்றியிருந்தால் காரணம் இதுதான்.

உங்கள் மகன் கையில் இருப்பது அமெரிக்க இனம்; எடை 200 கிராமை ஒட்டி இருக்கும். அங்கே இந்த வேட்டை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் குற்றமா இல்லையா என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். வெட்டிய பிறகு மீண்டும் நெருக்கமாகத் துளிர்த்து எழுந்த இளங்காட்டில், ஆள் நுழைய முடியாத புதருக்குள், முதலில் நாய்தான் போகும். நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு மணி தொங்கும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தால் நாய் மோப்பம் பிடித்துத் திரிகிறது என்று பொருள். மணி சட்டென்று நின்றுவிட்டால் பறவையின் வாசம் மூக்கில் ஏறி நாய் சிலைபோல நின்றுவிட்டது என்று பொருள். வேட்டைக்காரர் ஒலியைத் தேடிப் போவதில்லை, ஒலி நின்ற இடத்தைத் தேடிப் போகிறார். காலடிக்குப் பக்கத்திலிருந்து பறவை செங்குத்தாக மரத்தின் உச்சிவரை எழும்பும். இறக்கையின் வெளியோரத்தில் உள்ள மூன்று மெல்லிய இறகுகள் காற்றைக் கிழிப்பதால் ஒரு கிறீச்சொலி கேட்கும். ரவைத் துப்பாக்கியை உயர்த்திச் சுடக் கிடைப்பது ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். பெரும்பாலான பறவைகள் தப்பிவிடும்.

சட்டம் அங்கே கறாரானது. உரிமம் வேண்டும், வேட்டைப் பருவம் 45 நாட்கள், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பறவைகள், துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு போட்டிருக்க வேண்டும், இறைச்சியை விற்கக் கூடாது. வலசைப் பறவைகளுக்கான 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் இந்த விதிகள் வந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1914இல், ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த அவர்களுடைய பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை ஒரு விலங்குக்காட்சிச் சாலைக் கூண்டில் செத்தது. சந்தைக்காகச் சுட்டே அந்த இனத்தைத் தீர்த்துவிட்ட அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. 1937இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் 11 விழுக்காடு வரி, காட்டுயிர்ப் பராமரிப்புக்கே மாநிலங்களுக்குப் பகிர்ந்து தரப்படுகிறது. சுட்டவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, பறவையின் ஓர் இறக்கையை அஞ்சலில் அனுப்பச் சொல்லும் ஏற்பாடும் உண்டு. அந்த இறக்கையை வைத்தே ஆணா பெண்ணா, அந்த ஆண்டுக் குஞ்சா முதிர்ந்ததா என்று கணக்கெடுக்கிறார்கள். இத்தனை இருந்தும் அந்த இனத்தின் எண்ணிக்கை நெடுங்காலமாகச் சரிந்துதான் வருகிறது. இளங்காடுகள் முதிர்ந்துபோவதும் நிலம் கட்டடமாவதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

ஆகவே, உரிமத்தோடு விதிப்படி சுட்டிருந்தால் உங்கள் மகன் அந்த நாட்டில் குற்றம் செய்யவில்லை. அவன் அம்மாவின் மௌனத்துக்கு என்னிடம் சட்டப் பதில் கிடையாது. ஒன்றை மட்டும் இன்றே சொல்லி வையுங்கள்: இறகு, பாடம் செய்த பறவை என்று எதையும் நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

நம் நாட்டில் உண்டா என்றால், உண்டு. யூரேசிய இனம் இமயமலையில் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே இறங்குகிறது; நீலகிரி, பழனி மலை போன்ற உயரங்களில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வந்து சேர்ந்து மாசி, பங்குனியில் திரும்பிவிடும். நம்மிடம் வருவது அமெரிக்கப் பறவையைவிடப் பெரிது, சுமார் 300 கிராம். பகல் முழுவதும் சோலைக்காட்டின் சருகுக்குள் அசையாமல் படுத்திருந்து, அந்தி சாய்ந்ததும் ஓடைக்கரைச் சதுப்புக்குப் பறந்துபோய் மேயும். நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு டிசம்பர் மாலையில், தேயிலைத் தோட்டமும் சோலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வௌவால் என்று நினைத்த ஓர் உருவம் அலகைக் கீழ்நோக்கிச் சாய்த்தபடி தலைக்கு மேலே சத்தமில்லாமல் போயிற்று. உடன் இருந்த தோட்டத்துக் காவலாளி, “அது நேத்தும் இதே நேரம்தான் போச்சு சார்” என்றார். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் காத்திருந்தேன். அதே பாதையில் போயிற்று. தோட்டத் துரைமார்கள் காலத்தில் அதைச் சுட்டவர்களும் இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நின்றிருப்பார்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி): எங்கள் பூர்வீக நிலம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. தாத்தா இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். கண்ணி வைத்தும் கௌதாரி பிடிப்பார். துப்பாக்கி உரிமத்தை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். பட்டா நிலம் எங்களுடையது, துப்பாக்கியும் எங்களுடையது, அங்கே கௌதாரி நிறைய இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறையில் மட்டும் சுடலாமா?

பதில்: கூடாது. நிலம் உங்களுடையது, அதில் மேயும் கௌதாரி உங்களுடையது அல்ல.

துப்பாக்கி உரிமம் என்பது படைக்கலச் சட்டத்தின்படி ஆயுதத்தை வைத்திருப்பதற்கான அனுமதி. எதைச் சுடலாம் என்பதை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர் நீங்கள் மட்டுமல்லர். 1972இல் சட்டம் வந்தபோது சிறு வேட்டை உரிமம், பெரு வேட்டை உரிமம் என்றெல்லாம் அதில் இடம் இருந்தது. உங்கள் தாத்தா அப்படி ஓர் உரிமம் வைத்திருந்தால் அவர் சட்டத்தை மீறியவர் ஆகமாட்டார். 1991இல் வந்த திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. எந்த உயிரினத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பட்டியலிடும் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி அடுக்கப்பட்டன. தண்டத் தொகையும் உயர்ந்தது. பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினங்களுக்குத் தண்டனை இன்னும் கடுமை.

வேட்டை என்றால் துப்பாக்கி மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய எல்லாவற்றையும் சட்டம் வேட்டை என்றே பெயரிட்டிருக்கிறது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதற்குள் அடங்கும். ஏர்கன்னுக்கு உரிமம் தேவைப்படாத வகை இருக்கலாம். அதனால் சுட்ட கௌதாரிக்கு விதிவிலக்கு கிடைத்துவிடாது. உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து வடிவில் அனுமதி தரும் வழி ஒன்று உண்டு. ஆனால் கௌதாரியின் பெயரைச் சொல்லி அதைக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. புல் விதையையும் கறையானையும் பொறுக்கித் தின்னும் பறவை அது. உங்கள் நிலத்தில் அது நிறைய இருக்கிறது என்பது வரப்பில் இன்னும் புதர் மிச்சமிருக்கிறது என்பதற்கும், பூச்சிமருந்து அளவோடு அடிக்கப்படுகிறது என்பதற்கும் நல்ல சாட்சி.

தாத்தாவின் கண்ணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அநேகமாக அவர் பழக்கிய கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு, எல்லையைக் காக்கச் சண்டைக்கு ஓடி வரும் காட்டுக் கௌதாரியைச் சுற்றியுள்ள கண்ணியில் சிக்கவைத்திருப்பார். இந்த முறை மிகப் பழையது. இப்படிப் பழக்கி வைத்த விலங்கையும் பறவையையும் சங்கத் தமிழில் ‘பார்வை’ என்றே சொன்னார்கள். கௌதாரிக்குச் ‘சிவல்’ என்றும், காடைக்குக் ‘குறும்பூழ்’ என்றும், காட்டுக்கோழிக்குக் ‘கானவாரணம்’ என்றும் பெயர்கள் இருந்தன. இத்தனை பெயர்கள் புழங்கிய மொழியில் இன்று பெரும்பாலானவர்களுக்குக் காடை என்பது உணவகப் பட்டியலில் வரும் ஒரு வரி மட்டுமே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879லேயே சென்னை மாகாண அரசு தனிச் சட்டம் போட்டது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் சுடக் கூடாது, உரிமம் வேண்டும் என்பவை அதன் சாரம். நல்ல விதிகள்தான், ஆனால் உரிமம் வாங்கும் வசதி தோட்டத் துரைக்கு இருந்தது, கண்ணியே பிழைப்பாக இருந்தவனுக்கு இல்லை. தமிழ்நாட்டில் நரிக்குறவர்களும், இங்கே கர்நாடகத்தில் ஹக்கிபிக்கி மக்களும் (கன்னடத்தில் ஹக்கி என்றாலே பறவைதான்) பறவை பிடித்து வாழ்ந்தவர்கள். தடை வந்தபோது துரையின் பேரனுக்குப் பொழுதுபோக்கு போயிற்று. இவர்களுக்குச் சோறு போயிற்று. பன்னேருகட்டாவை ஒட்டிக் குடியமர்த்தப்பட்ட ஹக்கிபிக்கிக் குடும்பங்கள் பாசிமணி, மூலிகை எண்ணெய் என்று தொழில் மாறி, எண்ணெய் விற்க ஆப்பிரிக்கா வரை போய்வருகிறார்கள். 2023இல் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே சிக்கிக்கொண்ட கன்னடர்களில் அவர்களும் இருந்தார்கள். தடை தேவை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பொங்கல் விடுமுறைக்கு மட்டும் என்று நீங்கள் கேட்கும் சலுகையை உங்களுக்குக் கொடுத்து அவர்களுக்கு மறுத்தால் அது எப்படிப்பட்ட நியாயம் என்று மட்டும் யோசியுங்கள்.

கேள்வி (இந்திரா நகர்): காடை, கௌதாரி எல்லாம் தடை என்கிறீர்கள். ஆனால் எங்கள் தெருமுனை உணவகத்தில் காடை வறுவல் பட்டியலிலேயே இருக்கிறது. சாப்பிடலாமா, கூடாதா?

பதில்: சாப்பிடலாம், உங்கள் தட்டில் இருப்பது ஜப்பானியக் காடை. 1974இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து கோழியின ஆராய்ச்சிக்காக உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்ட பண்ணைப் பறவையின் வழித்தோன்றல் அது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடை, நாமக்கல் காடை போன்ற ரகங்கள் பண்ணைக்காரர்களிடம் பிரபலம். பதினேழு, பதினெட்டு நாளில் பொரிந்து, ஐந்து வாரத்தில் இறைச்சிக்குத் தயாராகி, ஏழாவது வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும் ஒரு பறவையைப் பண்ணையில் வளர்ப்பது மலிவு. புதரில் தேடிப் பிடிப்பது செலவு. உணவகம் நடத்துபவர் இந்தக் கணக்கைத் தெரியாதவர் அல்லர்.

எச்சரிக்கை வேண்டியது வேறோர் இடத்தில். ஓசூர் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் சாக்குப்பைக்குள்ளிருந்து நான்கு பறவைகளை வெளியே எடுத்து, “பண்ணைக் காடை சார், உயிரோட இருக்கு” என்றார். கால்கள் சணலால் கட்டப்பட்டிருந்தன. இரண்டு என் உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்றின் மார்பில் கருப்புத் திட்டு. நம் மழைக்காலப் புல்வெளிகளில் கூவும் காடையின் ஆணுக்கு மட்டும் உள்ள அடையாளம் அது. மற்ற இரண்டும் காடையே அல்ல, கௌதாரிகள். செந்நிறக் கால்களும் கழுத்தடியில் கருங்கோடு சுற்றிய வெளிர்மஞ்சள் தொண்டையும் தெளிவாகத் தெரிந்தன. வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் இல்லை. பண்ணைக் காடை இருநூறு கிராமை நெருங்கும், கொழுத்த மார்போடு இருக்கும்; காட்டுக் காடை அதில் பாதிதான் தேறும். உரித்த பிறகு அடையாளம் காண்பது கடினம். ஆகவே, சாலையோரத்தில், சாக்கிலிருந்து, உயிரோடு வருவதை எந்தப் பெயர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கேள்வி (கம்மனஹள்ளி): நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ‘ஸ்னைப்பர்’ என்ற சொல் பறவையிலிருந்து வந்தது என்று என் தாத்தா சொல்கிறார். உண்மையா?

பதில்: தாத்தா சொன்னது சரி, தம்பி. ஆங்கிலத்தில் உள்ளானுக்கு ஸ்னைப் என்று பெயர். அது சேற்றிலிருந்து எழும்பியதும் நேராகப் பறக்காமல் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும் என்பதால் அதைச் சுட்டு வீழ்த்துபவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் பேச்சில் உள்ளான் வேட்டைக்கு வழங்கிய சொல்தான் பிறகு மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரனுக்குப் பெயராயிற்று. ஹெண்ணூர், ஹெசரகட்டாப் பக்கத்து ஏரிக்கரைகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ளான் வரும். அசையாமல் பத்து நிமிடம் நின்றால் சேற்றின் நிறத்தில் ஒரு கட்டி நகர்வது தெரியும்.

கேள்வி (சிவாஜி நகர்): கௌதாரியைக் கூண்டில் வளர்த்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்கிறார்களே, ஒன்று வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிடிப்பது, விற்பது, வைத்திருப்பது மூன்றும் குற்றம்.

கேள்வி (வித்யாரண்யபுரம்): சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது, வளர்க்கக் கூடாது என்றால் என் பிள்ளைகளுக்கு இந்தப் பறவைகளை எங்கேதான் காட்டுவது? சனிக்கிழமை காலையில் போய்வரக்கூடிய இடமாகச் சொல்லுங்கள். நாங்கள் போனபோதெல்லாம் எதுவும் கண்ணில் படவில்லை.

பதில்: உங்கள் வீட்டிலிருந்து ஹெசரகட்டாப் புல்வெளி அதிகத் தொலைவில்லை. விடிவதற்குள் அங்கே இருங்கள். ஒன்பது மணிக்குப் போனால் மற்றவர்களின் செருப்புத் தடம்தான் கிடைக்கும். முதலில் கண்ணை மறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புல்வெளியின் ஒரு மூலையிலிருந்து மூன்று அசையில், ஓங்கி, விடாமல் ஒரு கூவல் எழும். உடனே இன்னொரு மூலையிலிருந்து பதில் வரும். அது கௌதாரி, கன்னட நண்பர்கள் கௌஜலக்கி என்பார்கள். இதன் அறிவியல் பெயரில் புதுச்சேரியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மகிழ்வார்கள்.

கூவல் வந்த திசையை நோக்கி ஓடாதீர்கள். கௌதாரி பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். நீங்கள் நெருங்கினால் புல்லுக்கு அடியில் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஐம்பது அடி தள்ளிப் போயிருக்கும். வண்டித்தடத்தில், பொடிமண் உள்ள இடத்தில், உள்ளங்கை அளவுக் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை பேன் போக இந்தப் பறவைகள் மண்குளியல் போடும் இடங்கள். ஓர் இறகாவது அங்கே கிடக்கும். அங்கிருந்து இருபது முப்பது அடி தள்ளி, வெயில் முதுகில் விழும்படி உட்கார்ந்து காத்திருந்தால் அவை தாமாகவே வந்து சேரும். புதர்க்காடையின் பழக்கம் இதற்கு நேர்மாறு. அது ஓடாது, கூட்டமாக ஒட்டிப் படுத்திருந்து, உங்கள் கால் கிட்டத்தட்ட மேலே படும் நேரத்தில் எட்டுப் பத்துப் பறவைகள் எட்டுத் திசைக்கும் ஒரே சமயத்தில் வெடித்தாற்போல எழும்பும். முதல் முறை நடக்கும்போது பெரியவர்களே அலறிவிடுவார்கள். பிறகு சிறிது நேரம் அமைதியாக இருந்தால் சிதறியவை ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு மீண்டும் கூடும் ஒலியைக் கேட்கலாம். காட்டுக்கோழிக்குப் பன்னேருகட்டாப் பக்கம் போக வேண்டும். சேவலின் கழுத்தில் மெழுகுத்துளி போல மின்னும் இறகுகளுக்காகவே, மீன்தூண்டில் இரை செய்ய, ஒரு காலத்தில் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து தீர்த்தார்கள்.

பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும், எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று அளவு குறித்தது எதுவானாலும் சரி. உங்கள் கடிதத்தின் ஓரத்தில் நாயையும் அழைத்துப்போவதாக எழுதியிருந்தீர்கள். எதுவும் கண்ணில் படாததற்குக் காரணம் அதிலேயே இருக்கிறது அம்மா. தரையில் கூடு கட்டும் பறவைகளின் இடத்தில் அவிழ்த்துவிட்ட நாய் நடமாடினால் அன்று எதுவும் தலைகாட்டாது. அமெரிக்காவில் மணி கட்டிய நாய் செய்யும் வேலையை உங்கள் நாய் மணி இல்லாமலே செய்துகொண்டிருக்கிறது.

கேள்வி (சர்ஜாபுர சாலை): வீடு கட்ட வாங்கிய மனையில் புல்லை வெட்டும்போது நான்கு சிறு முட்டைகள் உள்ள கூடு ஒன்று தென்பட்டது. காடை என்று மேஸ்திரி சொன்னார். பறவை விலகி ஓடிப்போய் மனையின் எல்லைக்கல் அருகே நின்றது. கைப்பேசியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். தாய் திரும்ப வருமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: படத்தைப் பெரிதாக்கி அதன் காலைப் பாருங்கள். முன்னோக்கி மூன்று விரல்கள், பின்விரல் இல்லை. காடைக்குப் பின்விரல் உண்டு. ஆகவே, மேஸ்திரி சொன்னது உருவத்தில் சரி, இனத்தில் தவறு. இது காடையைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் காடைக் குடும்பத்தைச் சேராத ஒரு பறவை; ஆங்கிலத்தில் ‘பட்டன்குவெய்ல்’ என்பார்கள். இந்த இனத்தில் பெண்தான் பெரியது, நிறம் அழுத்தமானது. கூவி அழைப்பதும் மற்றப் பெண்களோடு சண்டையிடுவதும் அதுதான். முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். கூட்டில் இருந்து ஓடியது அநேகமாகத் தகப்பன். அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்வதும் அதன் பொறுப்பு.

நீங்கள் அந்த இடத்தை விட்டு விலகினால் அது திரும்ப வரும். முட்டையைத் தொடாதீர்கள், பெட்டியில் வைத்து விளக்கு போட்டுப் பொரிக்கவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். அடைகாக்கும் காலம் இரண்டு வாரத்துக்கும் குறைவு. குஞ்சுகள் பொரிந்து சற்று நேரத்திலேயே நடந்து கூட்டை விட்டுப் போய்விடும். கூட்டைச் சுற்றிப் பத்தடிக்கு நான்கு குச்சி நட்டு, புல்லை அப்படியே விட்டுவிட்டு, அஸ்திவாரத்தை மனையின் மறுமூலையிலிருந்து தோண்டத் தொடங்கச் சொல்லுங்கள். கயிற்றில் வண்ணத்துணி கட்ட வேண்டாம், காக்கைக்கு வழிகாட்டியதாகிவிடும்.